பவர் ஸ்டியரிங்: வால்த்தம் முதல் விராலிமலை வரை

(முன்னாள் மாணவர், இயந்திரப் பொறியியல் துறை)

திருச்சியிலிருந்து மதுரை ரோட்டில் போகிறவர்களுக்கு விராலிமலை என்றதும் முருகன் கோயிலும் மயில்களும்தான் ஞாபகம் வரும். சாமிக்குச் சுருட்டு படைக்கும் வழக்கத்தைச் சிலர் சொல்வார்கள். அதே விராலிமலைக்குப் பக்கத்தில் பூதகுடியில் தயாரான ஸ்டியரிங் பெட்டிகள் நாடு முழுக்க லாரிகளிலும் பஸ்களிலும் ஓடுகின்றன என்பது நம் மாணவர்களிலேயே பல பேருக்குத் தெரியாது. பவர் ஸ்டியரிங் நம் மாவட்டத்துப் பொருள். அதற்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு பழைய காரின் அசல் ஸ்டியரிங் பாகங்களைப் புதுப்பிக்கும் வேலையில் இறங்கியபோதுதான் அந்த வரலாற்றை நானும் முழுசாகப் படித்தேன். இரண்டையும் சேர்த்தே இங்கே சொல்கிறேன்.

கையும் தோளும் வலித்த காலம்

1948 மார்ச்சில் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அப்போது அரண்மனைக் கொட்டகையில் எத்தனை கார் நின்றிருந்தாலும், ஒன்றிலும் பவர் ஸ்டியரிங் இருந்திருக்க வழியில்லை. உலகத்திலேயே கடையில் விற்ற காரில் அது வந்தது 1951-ல்தான். அதுவரை ராஜாவின் காரானாலும் சரி, டவுன் பஸ்ஸானாலும் சரி, திருப்புவது டிரைவரின் புஜபலம்தான். வண்டி நின்ற இடத்தில் திருப்புவதென்றால் சீட்டை விட்டு எழுந்து, மொத்த உடம்பையும் போட்டு இழுக்க வேண்டும். பழைய பஸ்களின் ஸ்டியரிங் சக்கரம் அண்டா வாய் மாதிரி அவ்வளவு பெரிதாக இருந்ததற்குக் காரணமும் இதுவே. சக்கரம் பெரிதானால் கைக்குப் பாரம் குறையும். ஆனால் அதிக தூரம் சுற்ற வேண்டும். நெம்புகோல் கணக்கு.

டேவிஸின் திறந்த வால்வு

இந்தப் பாரத்தைக் குறைக்கப் பலர் முயன்றார்கள். வெற்றி கண்டவர் பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர். பியர்ஸ்-ஆரோ கம்பெனியின் லாரிப் பிரிவில் வேலை பார்த்தவர். கனமான லாரிகளைத் திருப்ப டிரைவர்கள் படும் பாட்டை நேரில் கண்டவர். வேலையை விட்டுவிட்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்த்தம் என்ற ஊரில் ஒரு சின்னப் பட்டறையை வாடகைக்குப் பிடித்தார். ஒரு கருவித் தொழிலாளியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆராய்ச்சியில் இறங்கினார்.

அவர் கண்டுபிடித்த சூட்சுமம் மிக எளிமையானது. அழுத்தத்தை எப்போதும் சேர்த்து வைத்து, வால்வை மூடியே வைத்திருந்தால் எண்ணெய் எங்காவது கசிந்துகொண்டே இருக்கும். டேவிஸ் அதைத் தலைகீழாக்கினார். வால்வைத் திறந்தே வைத்தார். வண்டி நேராகப் போகும்போது பம்பிலிருந்து வரும் எண்ணெய் தடையில்லாமல் சுற்றித் தொட்டிக்கே திரும்பிவிடும். டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் வால்வு ஒரு பக்கமாக மூடி, அழுத்தம் ஏறி, பிஸ்டனைத் தள்ளும். எண்ணெய் தீர்ந்தாலும் பெல்ட் அறுந்தாலும் கையால் திருப்பும் வழி அப்படியே இருக்கும். பாரம்தான் கூடும்.

1926-ல் தன் காரிலேயே இதைப் பொருத்தி டெட்ராய்ட் வரை ஓட்டிக் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்பந்தம் போட்டது. ஆனால் பொருளாதார மந்தம் வந்தது. தயாரிப்புச் செலவு கட்டாது என்று 1934-ல் திட்டத்தைக் கைவிட்டார்கள். பிறகு பெண்டிக்ஸ் கம்பெனியோடு சேர்ந்து முயன்றார். அங்கேயும் பெரிய விற்பனை இல்லை. கடைசியில் கை கொடுத்தது யுத்தம். இரண்டாம் உலகப் போரில் கவச வண்டிகளுக்கு இது தேவைப்பட்டது. 1951-ல் கிறைஸ்லர் கம்பெனி தன் இம்பீரியல் காரில் 'ஹைட்ராகைடு' என்ற பெயரில் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. டேவிஸின் காலாவதியான காப்புரிமைகளை வைத்துச் செய்தது அது! அதைப் பார்த்த பிறகே ஜெனரல் மோட்டார்ஸ் மறுபடி டேவிஸைத் தேடி வந்தது. 1926-ல் ஓடிக் காட்டிய பொருள் கடைக்கு வர 25 வருஷம் ஆயிற்று.

நம்ம ஊருக்கு வந்த விதம்

அம்பாசடரும் பியட்டும் ஓடிய நாட்டில் காருக்குப் பவர் ஸ்டியரிங் பெரிய தேவையாகத் தோன்றவில்லை. இறக்குமதியான சில அமெரிக்கக் கார்களில் மட்டும் அது இருந்தது. லாரி, பஸ் டிரைவர்களுக்குத் தேவை இருந்தது, கேட்பார்தான் இல்லை. 1987-ல் சென்னையின் ரானே குழுமமும் அமெரிக்காவின் டி.ஆர்.டபிள்யூ. கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து 'ரானே பவர் ஸ்டியரிங்' என்ற கம்பெனியைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை அமைந்தது நம் விராலிமலைப் பக்கத்தில். பின்னாளில் அது 'ரானே டி.ஆர்.டபிள்யூ. ஸ்டியரிங் சிஸ்டம்ஸ்' ஆயிற்று. அதன் ஸ்டியரிங் கியர் பிரிவு 2005-ல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. 2015-ல் டி.ஆர்.டபிள்யூ. கம்பெனியை ஜெர்மனியின் இசட்.எஃப். வாங்க, இங்கேயும் பெயர் மாறியது.

மானம் பார்த்த பூமி என்று சொல்லப்படும் வட்டாரம் இது. இங்கே மைக்ரான் கணக்கில் கிரைண்டிங் செய்யும் கைகள் ஒரு தலைமுறையாக உருவாகியிருக்கின்றன. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

பழைய பாகம் பேசும் பாஷை

இனி புதுப்பிக்கும் வேலைக்கு வருவோம். பொன்னமராவதிப் பக்கம் ஒரு குடும்பத்தார் 1960-களின் தொடக்கத்தில் வந்த ஒரு செவ்ரோலே காரைப் பாதுகாத்து வந்தார்கள். ஸ்டியரிங் ஒரே ஒழுகல். "புதுசா எலக்ட்ரிக் மாட்டிடலாமே தம்பி, அதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்?" என்று பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எலக்ட்ரிக் மாட்ட வேண்டுமானால் ஸ்டியரிங் தண்டை வெட்ட வேண்டும். வெட்டினால் அது வேறு கார். அதனால் அசல் பாகங்களையே புதுப்பிப்பது என்று முடிவாயிற்று.

அந்த மாடலில் ஸ்டியரிங் பெட்டி சாதாரணமானதுதான். உதவி செய்யும் அமைப்பு வெளியே இருக்கும்: பெல்ட்டில் ஓடும் வேன் பம்பு, இணைப்புத் தண்டில் ஒரு கன்ட்ரோல் வால்வு, சேஸிஸோடு கட்டிய ஒரு பவர் சிலிண்டர், நடுவே ஹோஸ்கள். முதல் வேலை, குற்றவாளி யார் என்று கண்டுபிடிப்பது. பம்புக்கும் வால்வுக்கும் நடுவே பிரஷர் கேஜும் ஒரு அடைப்பு வால்வும் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, அடைப்பை ஐந்து வினாடிக்கு மேல் போகாமல் மூடிப் பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறினால் பம்பு நல்லது; கோளாறு அதற்கு அப்பால். ஏறாவிட்டால் பம்பைப் பிரிக்க வேண்டும்.

பம்புக்குள்ளே ரோட்டரின் பள்ளங்களில் தகடு தகடாக வேன்கள் நிற்கும். அவற்றின் உருண்டை விளிம்பு வெளியே பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் சுற்றியிருக்கும் வளையத்தைச் சுரண்டிவிடும். சிலிண்டரில் பிஸ்டன் ராடின் குரோம் பூச்சு புள்ளி புள்ளியாக அரித்திருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகும். பழைய பூச்சை எடுத்து, மறுபடி ஹார்டு குரோம் ஏற்றி, கிரைண்டிங் செய்து மெருகேற்ற வேண்டும்.

மிக நுட்பமானது கன்ட்ரோல் வால்வின் ஸ்பூல். டேவிஸின் சூட்சுமம் குடியிருக்கும் இடம் அது. ஸ்பூலும் அதன் கூடும் ஜோடி பார்த்துத் தேய்க்கப்பட்டவை. ஒரு கூட்டின் ஸ்பூலை இன்னொன்றில் போடக் கூடாது. எமரி பேப்பர் வைத்துத் தேய்க்கவே கூடாது. அந்த விளிம்புகளின் கூர்மைதான் எண்ணெய் எப்போது மூடும், எப்போது திறக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. விளிம்பு மழுங்கினால் வண்டி ரோட்டில் நாடோடி மாதிரி அலையும். ரப்பர் சீல்களுக்கும் ஒரு எச்சரிக்கை: பிரேக் ஆயிலை இதில் ஊற்றினால் சீல் ஊதிப் போய்விடும்.

பாகம் கிடைக்காதபோது என்ன செய்வது? தேய்ந்த பாகத்தை அளந்து அதே அளவில் செய்தால் தேய்ந்த பாகம்தான் இன்னொன்று கிடைக்கும். தேயாத மூலையைத் தேடிப் பிடித்து அளக்க வேண்டும். அது அங்குலக் கணக்கில் செய்தது என்பதை மறக்கக் கூடாது. அன்று வரைந்தவன் மனதில் என்ன அளவு இருந்தது என்று ஊகித்து, சேர்ந்து ஓடும் பாகத்தையும் அளந்து சரிபார்க்க வேண்டும். இரும்பு எப்படிப்பட்டது, மேல் தோலின் கடினம் எவ்வளவு என்று பார்க்காமல் லேத்தில் ஏற்றுவது ஆபத்து. ஸ்டியரிங் கைகளிலும் பந்து முனைகளிலும் வெல்டிங் வைக்கவே கூடாது. விரிசல் இருக்கிறதா என்று காந்தப் பரிசோதனை செய்து, இருந்தால் தூக்கிப் போட வேண்டும். எஞ்சின் நின்றால் வண்டி ஓரங்கட்டும். ஸ்டியரிங் முறிந்தால் குடும்பம் போய்விடும்.

எல்லாம் பூட்டிய பிறகு, முன் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெல்லத் திருப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். எண்ணெய் பால் மாதிரி நுரைத்தால் இன்னும் காற்று இருக்கிறது என்று அர்த்தம். அன்று நுரை அடங்கி, எண்ணெய் தெளிந்தது. பெரியவர் தாமே சீட்டில் உட்கார்ந்து, ஒரு விரலால் திருப்பிப் பார்த்தார். "அப்பா ஓட்டினப்ப இப்படித்தான் இருந்துச்சு" என்றார்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு

பழைய மாடலின் வரைபடத்தைக் கம்பெனிகள் காலத்துக்கும் வைத்திருப்பதில்லை. அறுபது வருஷம் கழித்து மிஞ்சும் ஒரே வரைபடம் அந்தப் பாகம்தான். அதைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டால், ஒரு பொறியாளனின் யோசனையையும் சேர்த்துப் போடுகிறோம். இப்போது புதிய கார்களில் ஹைட்ராலிக் போய் எலக்ட்ரிக் வந்துவிட்டது. இன்றைக்கு விராலிமலைப் பக்கம் ஷிப்ட் முடித்து வரும் அண்ணன்மார் கையில் இருக்கும் ஹைட்ராலிக் ஞானமும் நாளைக்கு இதேபோல அருமையாகிவிடும். அவர்கள் நம் அக்கம்பக்கத்துக்காரர்கள். லீவு நாளில் ஒரு நோட்டும் மைக்ரோமீட்டரும் எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். கேட்டால் சொல்வார்கள். நம் கல்லூரிப் பணிமனையில் ஒரு பழைய ஸ்டியரிங் பெட்டியைப் பிரித்து, பாகம் பாகமாக அளந்து, வரைந்து வைக்கலாம். அதற்கு வேண்டிய பெட்டிகளையும் அளவுக் கருவிகளையும் வாங்கித் தர எங்கள் அணி மாணவர்கள் தயாராக இருக்கிறோம். வேலையைத் தொடங்க வேண்டியது நீங்கள்.