இரண்டு வெற்றி, எட்டுத் தோல்வி: மார்ஷல் அணியின் 1971

அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியா மாநிலத்திலுள்ள ஹன்டிங்டன் நகரில் மார்ஷல் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. அதன் அமெரிக்கக் காற்பந்தாட்ட அணி 1971 ஆம் ஆண்டில் 10 போட்டிகளில் விளையாடி எட்டில் தோற்றது. அந்தத் தோல்விகளைப் பற்றி அந்நகர மக்கள் இன்றும் பெருமையுடன் பேசுகிறார்கள். அதற்கான காரணம் முந்தைய ஆண்டில் இருக்கிறது.

1970 நவம்பர் 14 ஆம் திகதி, வட கரோலினாவில் கிழக்குக் கரோலினா அணியிடம் 17-14 எனத் தோற்ற மார்ஷல் அணி விமானத்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. மழை இரவில், ஓடுபாதையை எட்டுவதற்குச் சற்று முன்னர் விமானம் குன்றொன்றின் மரங்களில் மோதி எரிந்தது. அதிலிருந்த 75 பேரும் உயிரிழந்தனர். 37 வீரர்களும் தலைமைப் பயிற்றுநர் ரிக் ரொலியும் அவர்களுள் அடங்குவர். அணியுடன் சென்ற ஆதரவாளர்கள் 25 பேரும் பலியானதால், தாய் தந்தை இருவரையும் ஒரே இரவில் இழந்த பிள்ளைகளும் இருந்தனர். அடையாளம் காணமுடியாத ஆறு வீரர்களின் உடல்கள் ஸ்பிரிங் ஹில் மயானத்தில் அருகருகே அடக்கம் செய்யப்பட்டன.

இனி இந்த விளையாட்டே வேண்டாம் என்ற கருத்து வலுவாக எழுந்தது. இறந்தவர்களின் இடத்தில் வேறு எவரை நிறுத்துவது? ஆனால் உயிருடன் எஞ்சிய வீரர்கள் விளையாடவே விரும்பினர். பல்கலைக்கழகமும் அதற்கு இணங்கியது.

புதிய பயிற்றுநராக ஜக் லெங்கியெல் வந்தார். இந்த விளையாட்டு நாமறிந்த உதைபந்தாட்டம் அல்ல. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், எறிவார்கள், உடலோடு உடல் மோதுவார்கள். வயதும் உடற்பலமும் அனுபவமும் இன்றி அதில் வெல்வது கடினம். மார்ஷலிடம் இருந்தவர்களோ பெரும்பாலும் முதலாம் ஆண்டு மாணவர்கள். அன்றைய விதிப்படி அவர்கள் பிரதான அணியில் ஆட முடியாது. மார்ஷலுக்காக விசேட அனுமதி வழங்கப்பட்டது. மேற்கு வேர்ஜினியாப் பல்கலைக்கழகப் பயிற்றுநர் பொபி பௌடன், தமது அணியின் ஆட்ட உத்திகளைக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு இடமளித்தார்.

முதற்போட்டியில் 29-6 எனத் தோல்வி. செப்டெம்பர் 25 ஆம் திகதி சொந்த மைதானத்தில் சேவியர் அணியைச் சந்தித்தபோது, கடைசி ஆட்டநகர்வில் ரெஜி ஒலிவர் எறிந்த பந்தை ரெரி கார்ட்னர் ஏந்திச்சென்று 15-13 என வெற்றியைப் பெற்றுக்கொடுத்தார். ஒக்டோபரில் போலிங் கிறீன் அணியை 12-10 என வென்றனர். அந்த ஆண்டில் வெற்றிகள் அவ்வளவுதான்.

அதன் பின்னரும் உடனடியாக எதுவும் மாறிவிடவில்லை. லெங்கியெல் நான்கு ஆண்டுகளில் கண்டது 9 வெற்றிகளும் 33 தோல்விகளும். தோல்விகளைவிட வெற்றிகள் கூடிய ஆண்டு 1984 இல்தான் வந்தது. 1992 இலும் 1996 இலும் தமது பிரிவில் தேசிய சம்பியனாகினர்.

காயம் காரணமாக விமானத்தில் செல்லாமல் தப்பிய நேற் ரஃபின், 1971 அணியின் தலைவர்களுள் ஒருவர். 2001 இல் காலமான அவர், தமது விருப்பப்படியே ஸ்பிரிங் ஹில் மயானத்தில் பழைய தோழர்களுக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

பல்கலைக்கழக வளாகத்தில் 1972 இல் நினைவு நீரூற்று ஒன்று அமைக்கப்பட்டது. ஒவ்வோராண்டும் நவம்பர் 14 இல் மக்கள் அங்கு கூடுகிறார்கள். நீரூற்று நிறுத்தப்படுகிறது. குளிர்காலம் முழுவதும் வறண்டு கிடக்கும் அது, வசந்தத்தில் மீண்டும் பாய்கிறது.