தற்காப்புக் கைத்துப்பாக்கிகள் (இந்தியா)

உரிமம் பெற்றோர் தற்காப்புக்காக உடன் வைத்திருக்கும் சிறு சுடுகருவிகள். 9 மி.மீ. ரகம் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டது என்பதால் .32 ரகமே பரவலாக உள்ளது.

ஒப்பீடு: கான்பூரில் 2014இல் அறிமுகமான ‘நிர்பீக்’ ரிவால்வர் டைட்டானியக் கலவையாலானது, எடை சுமார் 500 கிராம், குண்டுகள் 6. ஒரு குண்டு வெடிக்காவிட்டால், விசையை மறுபடி இழுத்தாலே உருளை அடுத்த குண்டுக்குத் திரும்பும். ‘அஷானி’ பிஸ்டல் தட்டையானது, இடுப்பில் துருத்தாது. ஆனால் வெடிக்காத குண்டை மேல்மூடியைப் பின்னிழுத்து வெளியேற்ற வேண்டும்.

சட்டம்: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம். எடுத்துக்காட்டாக, சென்னையை அடுத்த அனகாபுத்தூரில் வசிப்போர் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரிடம் விண்ணப்பிக்க வேண்டும். 2016 விதிகளின்படி, பொது இடங்களில் துப்பாக்கியை உறையிலிட்டு, முழுவதும் மறைத்தே எடுத்துச் செல்லலாம்.