இசை கற்றால் ஏழைக் குழந்தைகளின் மன உறுதி வளருமா? வெனிசுவேலா சொல்லும் பாடம் என்ன?

பாட்டு, மேளம் என்று போனால் படிப்பு கெட்டுவிடும் என்று பயப்படும் பெற்றோர் பலர். ஆனால், வறுமைக்கும் வன்முறைக்கும் நடுவே வளரும் பிள்ளைகளை மீட்க இசையையே நம்பியது தென் அமெரிக்க நாடான வெனிசுவேலா. பலன் கிடைச்சுதா?

'எல் சிஸ்தேமா' என்றால் என்ன?

ஹோசே அன்டோனியோ அப்ரேயு என்ற இசைக்கலைஞர் 1975-ல் தலைநகர் கராகஸில் தொடங்கிய திட்டம் இது. பள்ளி முடிந்ததும் பிள்ளைகள் இசை மையத்துக்கு வருவார்கள். கட்டணம் கிடையாது. பெரும்பாலும் குழுவாகவே வாசிக்கிறார்கள். 2009-ல் லாஸ் ஏஞ்சலிஸ் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் இசை இயக்குநரான குஸ்டாவோ டுடாமெல், இங்கே வளர்ந்தவர்தான்.

இசைக்கும் மன உறுதிக்கும் என்ன தொடர்பு?

குழுவில் வாசிக்கும் பிள்ளை தன் முறை வரும்வரை காத்திருக்கணும். பக்கத்தில் இருப்பவர் வாசிப்பதைக் கவனிக்கணும். தப்பு வந்தால் கோபப்படாமல் மறுபடி முதலில் இருந்து தொடங்கணும். தினமும் இதைச் செய்யும்போது, பொறுமை பழக்கமாகிவிடும் என்பதே எதிர்பார்ப்பு.

ஆய்வு சொல்வது என்ன?

திட்டத்துக்குக் கடன் கொடுத்த இன்டர்-அமெரிக்கன் வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். 6 முதல் 14 வயது வரையிலான 2,914 குழந்தைகளில் ஒரு பிரிவினருக்குக் குலுக்கல் முறையில் 2012-ல் இடம் கிடைத்தது. மற்றவர்கள் ஓராண்டு காத்திருந்தனர்.

இடம் கிடைத்தவர்களிடம் சுயகட்டுப்பாடு கூடியது, நடத்தைப் பிரச்சினைகள் குறைந்தன. மாற்றம் சிறிதுதான். ஆனால் தாய் அதிகம் படிக்காத குழந்தைகளிடமும், வன்முறையைச் சந்தித்த சிறுவர்களிடமும் பலன் கூடுதலாகத் தெரிந்தது. அறிவுத்திறனில் ஒட்டுமொத்தமாக மாற்றம் இல்லை.

அப்போ சிக்கல் எங்கே?

யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களில் பலர் வாசலுக்கே வரவில்லை. ஆய்வு நடந்த மாநிலங்களில் 46.5% குழந்தைகள் ஏழைகள். இடம் பெற்றவர்களிலோ ஏழைகள் 16.7% மட்டுமே. காரணம், விண்ணப்பித்தால்தான் இடம். கூட்டிட்டு வர ஆளில்லாத, தகவலே போய்ச்சேராத வீட்டுப் பிள்ளைகளுக்கு 'இலவசம்' என்ற அறிவிப்பு மட்டும் போதாது.

என்ன செய்யலாம்?

கலை வகுப்பைப் பள்ளி நேரத்துக்குள்ளேயே, எல்லா மாணவர்களுக்கும் நடத்தினால் விண்ணப்பம் என்ற தடையே இருக்காது. பலன் அதிகம் பெறக்கூடிய பிள்ளையும் விடுபடாது.