பெடல் காரும் சுரங்கத் தூசியும்

இங்கிலாந்தின் குட்வுட் ஓட்டப்பாதையில் 2012 முதல் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு காரோட்டம் நடக்குது. பேர் செட்ரிங்டன் கிண்ணம். பிள்ளைகள் ஓடிப்போய் ஏறி மிதிக்கும் அந்த வண்டி, ஒஸ்டின் ஜே40 பெடல் கார்.

யாழ்ப்பாணத்தில் ஒஸ்டின் ஏ40 ஓடின கதையை அப்பப்பாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் காரின் குட்டிதான் இது. தகர விளையாட்டுச் சாமான் இல்லை. உருக்கு உடம்பு, எரிகிற லைற், ஹோர்ன் எல்லாம் உண்டு.

இதைச் செய்தவர்கள் யார்? தென் வேல்சின் பார்கோட் ஊரில் 1949இல் ஒரு தொழிற்சாலை திறந்தார்கள். நிலக்கரித் தூசி நுரையீரலில் படிந்து, இனிச் சுரங்கத்துக்குள் இறங்கேலாமல் போன தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்க, அரசின் உதவியோடு இலாப நோக்கில்லாமல் தொடங்கியது. ஒஸ்டினின் பெரிய தொழிற்சாலையில் மிஞ்சின தகட்டுத் துண்டுகள்தான் மூலப்பொருள். 1971 வரை 32,000க்கு மேற்பட்ட கார்களைச் செய்தார்கள்.

வேலை கிடைத்தது நல்லதுதான். ஆனால் சுரங்கம் எடுத்த மூச்சை அது திருப்பிக் கொடுக்கவில்லை. இன்று அதே கார் ஆயிரக்கணக்கான பவுணுக்கு விலைபோகுது. சேகரிப்பவர்கள் பெயின்ற்றின் நிறத்தைக்கூடத் துல்லியமாகச் சொல்வார்கள். அதைப் பூசின கைகளைப் பற்றியும் நாங்கள் கேட்கத்தான் வேணும்.