இலவசக் கல்வி வந்த ஆண்டில் பிறந்த ஒரு நிதி
மன்னார்க் கரையிலிருந்து ஒரு பார்வை

திருக்கேதீஸ்வரம் கோயில் நிற்கும் மண்ணுக்குப் பழைய பெயர் மாதோட்டம். பாலாவிக் கரையில் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய இத்தலத்தைச் சூழ ஒரு காலத்தில் பெரும் துறைமுக நகரம் இருந்தது. 1980இல் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் தொடங்கி, 1984இல் போர்ச் சூழலால் நின்றுபோன மாந்தை அகழாய்வில் சீனத்துப் பீங்கான்களும் பாரசீக வளைகுடாப் பக்கத்து மட்பாண்டங்களும் வெளிவந்தன. அரபு வணிகர் அறிந்த கரை இது.

உலகம் வந்திறங்கிய இந்தக் கரையிலிருந்து இன்று ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் போக வேண்டுமானால் மாவட்டத்தை விட்டே புறப்பட வேண்டும். கிட்ட உள்ளது 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியா. அதற்கப்பால் யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு, ஒலுவில். பெறுபேறு வந்த வீட்டில் கேட்கும் பேச்சு நமக்குப் பழகியதுதான்: "கம்பஸ் கிடைச்சிட்டு, அல்ஹம்துலில்லாஹ். இனிப் போர்டிங்குக்கும் சாப்பாட்டுக்கும் என்ன செய்யிற?" படிப்பு இலவசம், படிக்கப் போவது இலவசமல்ல. இந்த இடைவெளியை நம் முன்னோர் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார்கள் என்பதுதான் இக்கட்டுரையின் செய்தி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கல்வி என்றால் கட்டணக் கல்வி. நல்ல பாடசாலைகள் பல மிஷனரிமாரின் கையில் இருந்தன. மதம் மாறிவிடும் என்ற அச்சம் ஒருபுறம், காசில்லாமை மறுபுறம். பிள்ளைகள் ஓதப் பள்ளிக்குப் போனார்கள், பிறகு கடைக்குப் போனார்கள். அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கி இதைத்தான் எழுதி எழுதிக் கண்டித்தார். 1892இல் மருதானையில் வாப்புச்சி மரிக்கார், ஒறாபி பாஷா ஆகியோரின் துணையோடு அல்மத்ரஸதுஸ் ஸாஹிரா எழுந்தது. பிறகு ரி.பி. ஜாயா 1921 முதல் 1948 வரை அதன் அதிபராக இருந்து அதைப் பெருங்கல்லூரியாக வளர்த்தார்.

ஆனால் ஸாஹிரா கொழும்பில் இருந்தது. விடத்தல்தீவிலோ முசலியிலோ மீன்பிடித்தும் வயல் செய்தும் வாழ்ந்த வாப்பாவுக்கு, மகனைக் கொழும்பில் தங்க வைத்துப் படிப்பிப்பது கனவிலும் நடக்காத காரியம்.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானது. அதே ஆண்டு, யுத்தகால உணவு உற்பத்தி வேலைக்காகக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார் ஏ.எம்.ஏ. அஸீஸ். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்து, 1935இல் இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம் அவர். வடக்கின் பிள்ளை. கல்முனையில் நிலம் இருந்தது, நெல் இருந்தது, கெட்டிக்காரப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களை மேலே அனுப்பும் வழிதான் இல்லை. அந்த ஆண்டே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார். அங்கே ஓர் ஊருக்குச் செய்ததை நாடு முழுவதற்குமாக விரித்து, 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியைத் தொடங்கினார்.

இந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்ததும் 1945 ஒக்டோபரில்தான். பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை என்று அரசு சொன்ன அதே ஆண்டில், ஒரு சமூகம் தனக்கென்று புலமைப்பரிசில் நிதி தொடங்குவது ஏன்? கதவு திறந்தால் மட்டும் போதாது, கதவு வரை வந்துசேர வழிச்செலவு வேண்டும். விடுதி, புத்தகம், உடுப்பு, பயணம் எல்லாம் சேர்ந்தால் அந்நாளைய கட்டணத்தைவிடக் கூட. ஏழைப் பிள்ளையை வாசலிலேயே நிறுத்துவது அதுதான். அந்த நிதி இந்தச் செலவைத் தாங்க வந்தது. 1948இல் சிவில் சேவையை உதறிவிட்டு ஸாஹிரா அதிபர் பதவியை அஸீஸ் ஏற்றதும் இதே நோக்கின் தொடர்ச்சிதான்.

அரசும் பின்னாளில் இந்த இடைவெளியை ஒப்புக்கொண்டது. வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலியின் முயற்சியில் 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் மஹாபொல நம்பிக்கை நிதியம் அமைந்தது. 2025 வரவு செலவுத் திட்டம் மாதாந்த மஹாபொலக் கொடுப்பனவை 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தியது. அனுமதியிலும் ஒரு கைகொடுப்பு உண்டு: இடங்களில் 40 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மன்னாரும் புத்தளமும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளன.

இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்லும்போது 1990 ஒக்டோபர் நினைவுக்கு வராமல் போகாது. விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் மன்னாரார் பெரும் பகுதி. எருக்கலம்பிட்டியார் தோணியேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். வீடும் ஆடுமாடும் போனது ஒரு இழப்பு. பிறப்புச் சான்றிதழும் பாடசாலைப் பத்திரங்களும் போனது இன்னொரு இழப்பு. உதவிப்பணம் கேட்கும் எந்தப் படிவமும் முதலில் கேட்பது அவற்றைத்தான். இன்றும் பெற்றோர் மன்னாரில் மீள்குடியேற, பிள்ளைகள் புத்தளத்தில் படிக்கும் குடும்பங்கள் உண்டு. பல்கலைக்கழக மாவட்டக் கோட்டாவோ உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடங்கள் படித்த பாடசாலையைப் பார்த்துத்தான் தீர்மானிக்கப்படுகிறது. பாடசாலை மாற்றுமுன் இதை யோசிக்காத வாப்பாமார் பலர்.

சமூகத்துக்குள் வேறு வழிகளும் திறந்தன. 1973இல் நளீம் ஹாஜியார் பேருவளையில் நிறுவிய ஜாமிஆ நளீமிய்யா ஒன்று. முஸ்லிம்கள் சிறுபான்மையாக வாழும் நாடுகளுக்காக இஸ்லாமிய அபிவிருத்தி வங்கி 1983இல் தொடங்கிய திட்டம் இன்னொன்று. அதன் அமைப்பு அழகானது: மாணவனுக்கு அது வட்டியில்லாக் கடன், கர்ழ் ஹஸன், அவனுடைய சமூகத்துக்கு அது நன்கொடை. படித்து உழைக்கத் தொடங்கியவன் திருப்பிக் கட்டும் பணம் வங்கிக்குப் போவதில்லை, தன் நாட்டின் அடுத்த மாணவனுக்குப் போகிறது. இதைவிடத் தெளிவான ஸதக்கா ஜாரியா எது? தனியார் உயர்கல்விக்கும் 2017 முதல் அரசின் வட்டியில்லாக் கடன் உண்டு.

வழிகள் இருக்கின்றன. வழி தெரியாமல், நேரத்துக்கு விண்ணப்பிக்காமல், ஒரு கடிதம் குறைந்து பிள்ளைகள் இழப்பதுதான் அதிகம். கம்பஸ் தொடங்கிய அன்றே மஹாபொல கைக்கு வந்துவிடாது. அந்த முதல் சில மாதங்களில்தான் படிப்பை விடும் எண்ணம் வருகிறது, அதிலும் விடுதி கிடைக்காத பெண் பிள்ளைகளுக்கு. 1945இல் அஸீஸ் கண்ட இடைவெளி இன்று சுருங்கியிருக்கிறது, மூடப்படவில்லை.

அதை மூட இன்னொரு அஸீஸ் பிறக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு மஹல்லாவும் உயர்தரம் எழுதிய பிள்ளைகளின் பெயரை ஒரு கொப்பியில் எழுதட்டும். பத்திரங்களைச் சரிபார்க்க ஓர் ஆசிரியரை நியமிக்கட்டும். முதல் ஆறு மாதச் செலவைப் பைத்துல்மாலில் ஒதுக்கட்டும். ஸகாத்துக்கு உரிய எட்டுக் கூட்டத்தாரில் முதலிருவர் ஃபக்கீரும் மிஸ்கீனும். வறிய மாணவன் அவர்களில் ஒருவன்தானே. மாதோட்டத் துறைக்கு வந்த கப்பல்கள் மண்ணுக்கடியில் ஓடுகளை மட்டும் விட்டுப்போயின. இந்தக் கரையிலிருந்து புறப்படும் பிள்ளை படித்துத் திரும்பி வந்து, அடுத்த பிள்ளையை அனுப்ப வேண்டும்.