எலி சொன்ன கணக்கு: சோயா, பருப்பு, தசை

ஜிம்முக்குப் போகத் தொடங்கிய முதல் மாதமே எங்களுக்கு இரண்டு விசயம் சொல்லித்தரப்பட்டது. ஒன்று, வே புரோட்டீன் இல்லாமல் உடம்பு வராது. மற்றது, சோயா மீட் பக்கம் போகக்கூடாது. "தம்பியவை, அது ரெண்டாந்தரப் புரதம். ஆம்பிளையளுக்கும் சரியில்லை" என்று சொன்ன அண்ணை நல்ல மனுசன். தனக்கு யாரோ சொன்னதை எங்களுக்குச் சொன்னார், அவ்வளவுதான். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குக் கிட்டப் போனபோது, நாங்கள் நாலு பேர் காசு சேர்த்து ஒரு டின் வாங்கி, கரண்டிக் கணக்குப் பார்த்துப் பங்கு போட்டோம். அதே கிழமை கன்டீனில் போட்ட சோயா மீட் கறியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தோம். இப்ப நினைத்தால் சிரிப்பாகவும் கிடக்கு, கொஞ்சம் எரிச்சலாகவும் கிடக்கு.

அந்த "ரெண்டாந்தரம்" என்ற பட்டத்தை யார் கொடுத்தது, எப்ப கொடுத்தது? கலைப்பீடத்துப் பிள்ளைகள் தசையைப் பற்றி என்ன எழுதுவது என்று கேட்கலாம். ஆனால் தரம் பிரிப்பது எங்கே நடந்தாலும் அதற்கு ஒரு வரலாறு இருக்கும் தானே. தேடிப் போனோம்.

புரதம் என்ற பொருளுக்கு "புரோட்டீன்" என்ற பெயர் அச்சில் வந்தது 1838 இல். டச்சு வேதியியலாளர் முல்டர் பயன்படுத்தினார். சுவீடனின் பெர்சிலியஸ் அவருக்கு எடுத்துக்கொடுத்த சொல் அது. கிரேக்கத்தில் "முதன்மையானது" என்ற பொருள் வரும். பெயரிலேயே ஒரு பெருமை ஏறிவிட்டது. அதற்குப் பிறகு ஜெர்மனியின் லீபிக், தசை வேலை செய்யும்போது தன் சொந்தப் புரதத்தையே எரிக்கிறது என்றார். அப்படியென்றால் உழைப்பவன் இறைச்சி தின்றுதான் ஆகவேண்டும். லீபிக்கின் பெயரைத் தாங்கிய இறைச்சிச் சாறு கொம்பனி 1865 இல் இலண்டனில் பதிவாகி, உருகுவேயின் மாடுகளைக் காய்ச்சிச் சாடிகளில் அடைத்து விற்கத் தொடங்கியது. கொள்கையும் கடையும் ஒன்றாகவே வளர்ந்தன. (அந்தச் சாற்றில் புரதம் பெரிதாக இல்லை என்பது பிறகு தெரியவந்தது. அது வேறு கதை.)

அதே 1865 ஓகஸ்ட்டில் சூரிச்சிலிருந்து ஃபிக், விஸ்லிசேனஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஃபவுல்ஹோர்ன் என்ற மலையில் ஏறினார்கள். ஏரிக்கரையிலிருந்து உச்சிவரை ஏறத்தாழ 1,956 மீற்றர் உயரம். ஏறுவதற்கு முதல்நாளே புரதம் உள்ள எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். மாவைக் கொழுப்பில் பொரித்த பலகாரமும் இனிப்புத் தேநீரும்தான் சாப்பாடு. போகும் வழியெல்லாம் தங்கள் சிறுநீரைச் சேகரித்தார்கள். புரதம் எரிந்தால் அதிலுள்ள நைதரசன் சிறுநீரில் வரவேண்டும். கணக்குப் பார்த்தால், எரிந்த புரதம் அந்த உயரத்துக்கு இரண்டு உடம்பைத் தூக்கப் போதவே போதாது. அவர்களை மேலே கொண்டுபோனது மாவும் கொழுப்பும்தான். இவ்வளவு செலவில்லாமல் ஒரு பெரிய கொள்கையை ஆட்டம்காண வைத்த பரிசோதனை வேறு இருக்குமா தெரியாது.

ஆனாலும் நம்பிக்கை போகவில்லை. மியூனிக்கில் வொய்ட் என்பவர், உழைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு 118 கிராம் புரதம் என்று ஒரு எண்ணை நிறுத்தினார். உழைப்பாளிகள் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து எடுத்த எண் அது. கிடைப்பதைச் சாப்பிடுவதும் தேவையானதைச் சாப்பிடுவதும் ஒன்றா? யேல் பல்கலைக்கழகத்தின் சிட்டன்டன் இதைத்தான் கேட்டார். தன்னையும், சக ஆசிரியர்களையும், இராணுவ வீரர்களையும், மாணவ விளையாட்டு வீரர்களையும் மாதக்கணக்கில் வொய்ட் சொன்னதின் பாதிக்குக் கிட்டவான புரதத்தில் வைத்து, 1904 இல் முடிவை வெளியிட்டார். ஒருவரும் மெலிந்து விழவில்லை. வலிமைச் சோதனைகளில் புள்ளி கூடத்தான் செய்தது. பயிற்சியும் சேர்ந்தே நடந்ததால் கூடியதற்குக் காரணம் உணவு என்று சொல்லமுடியாது. குறையவில்லை என்று மட்டும் துணிந்து சொல்லலாம்.

இதுவரை பேச்சு எல்லாம் அளவைப் பற்றியது. தரம் என்ற பேச்சைக் கொண்டுவந்தது எலி.

யேல் இருந்த அதே நியூ ஹேவன் நகரில் ஒஸ்போர்னும் மெண்டலும் எலிகளுக்கு ஒவ்வொரு புரதத்தையும் தனித்தனியே பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சோளத்தின் "சீன்" என்ற புரதத்தை மட்டும் கொடுத்தால் எலி வளரவில்லை, மெலிந்தது. அதோடு டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்தால் மெலிவது நின்றது. லைசினையும் சேர்த்தால் வளரத் தொடங்கியது. 1914 இல் வந்த இந்த முடிவு உண்மையிலேயே அழகானது. புரதம் என்பது ஒரே சரக்கு இல்லை, பல கற்களால் கட்டிய சுவர், ஒரு கல் குறைந்தாலும் கட்டட வேலை அந்த இடத்தில் நிற்கும் என்று விளங்கியது. ஒன்றில் இல்லாத கல்லை இன்னொன்றிலிருந்து எடுக்கலாம் என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது. சோயாவை வேகவைத்தால்தான் எலி நன்றாக வளரும் என்று 1917 இல் கண்டதும் இவர்கள்தான். பச்சைச் சோயாவில் சமிபாட்டைத் தடுக்கும் பொருள் இருப்பது பின்னால் தெளிவானது.

சிக்கல் அடுத்த படியில் வந்தது. ஒரு கிராம் புரதத்துக்கு எலிக்குஞ்சு எத்தனை கிராம் நிறை கூடுகிறது என்பதையே உணவின் தரமாக எடுத்துக்கொண்டார்கள். இந்த அளவுகோல் பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தது. ஆனால் எலிக்கு உடம்பு முழுக்க மயிர். மயிர் வளரக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள், குறிப்பாக மெத்தியோனின், நிறையத் தேவை. சோயாவில் குறைவாக இருப்பது அதுதான். ஆகவே எலியின் பரீட்சையில் சோயாவுக்குக் குறைந்த புள்ளி வந்தது. மனிதருக்கு அவ்வளவு மெத்தியோனின் தேவையில்லை. இலினோய்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோஸ் என்பவர் 1940களில் தன் பட்டப்பின் மாணவர்களுக்குச் சுத்தமான அமினோ அமிலங்களைக் கொடுத்து, மனிதருக்கு எது எவ்வளவு வேண்டும் என்று அளந்திருந்தார். அப்படியிருந்தும் உலகளாவிய அளவுகோல் மனிதத் தேவைக்கு மாற 1991 வரை சென்றது. பிள்ளைகளின் தேவையை வைத்துக் கணக்கிட்ட அந்தப் புதிய முறையில், பிரித்தெடுத்த சோயாப் புரதம் முட்டைக்கும் பாலுக்கும் கிட்ட முழுப்புள்ளி வாங்கியது. எங்கட அண்ணைக்குச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், தசைக்கென்று டின்னில் விற்ற தொடக்ககாலப் புரதமாக்களில் பெயர்போன ஒன்று சோயாவில்தான் செய்யப்பட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் யோர்க் பார்பெல் கொம்பனியை நடத்திய பொப் ஹொஃப்மன், நாட்டின் ஒலிம்பிக் பளுதூக்கல் அணிக்குப் பயிற்சியாளர். கையில் ஒரு சஞ்சிகையும் இருந்தது. 1950களின் தொடக்கத்தில் சோயாமாவில் சொக்கலேற் கலந்து "ஹை-புரோட்டீன்" என்று விற்றார். பெரிய பாத்திரத்தில் துடுப்பால் கிண்டினார் என்று ஒரு கதையும் உண்டு. ருசி படுமோசமாம். ஆனால் சஞ்சிகையில் சம்பியன்களின் படம் இருந்தது. 1960 அளவில் அங்கே பளு தூக்கியவர்களில் சிலர் டயனபோல் என்ற ஸ்டீரொய்ட் குளிசையும் எடுத்தார்கள். வாசகருக்குச் சொல்லப்பட்டது புதுப் பயிற்சிமுறையைப் பற்றியும் மாவைப் பற்றியும் மட்டும்தான். இன்றைக்கு யாராவது பெரிய கையைக் காட்டி டின் விற்றால் எங்களுக்கு இந்த யோர்க் நகரம்தான் ஞாபகம் வருகிறது.

சோயாவை இறக்கிவிட்டு வே மேலே வந்ததற்கு அறிவியலோடு சாக்கடைக்கும் பங்கு உண்டு. வே என்பது சீஸ் எடுத்த பிறகு மிஞ்சும் பால்நீர். அமெரிக்கச் சீஸ் ஆலைகள் அதை ஆறுகளிலும் வயல்களிலும் கொட்டிவந்தன. 1970களில் நீர்மாசுச் சட்டம் இறுகியது. நுண்வடிகட்டி வைத்துப் புரதத்தைப் பிரிக்கும் தொழினுட்பமும் அதே காலத்தில் வளர்ந்தது. கொட்டக் காசு கொடுக்கவேண்டியிருந்த கழிவு, விற்றுக் காசாக்கும் சரக்காகியது. வே கூடாத பொருள் என்று நாங்கள் சொல்லவரவில்லை. அதில் லூசின் நிறைய இருக்கிறது, கெதியாகச் சமிக்கும். பயிற்சி முடிந்த உடனே தசை கட்டப்படும் வேகத்தை அளந்தால் வே சோயாவைவிடக் கொஞ்சம் முன்னுக்கு நிற்கிறது.

சேர்த்துச் சாப்பிடும் கணக்கைப் பொதுச்சனத்திடம் கொண்டுபோனவர் ஃபிரான்சிஸ் மூர் லப்பே. 1971 இல் "டயட் ஃபோர் எ ஸ்மோல் பிளனட்" வந்தபோது அவருக்கு 27 வயதுதான். ஒரு இறாத்தல் மாட்டிறைச்சிக்கு 16 இறாத்தல் தானியமும் சோயாவும் மாட்டுக்குப் போகிறது, பசி என்பது உணவுப் பற்றாக்குறையால் வருவது மட்டுமில்லை என்று வாதிட்டார். இறைச்சியை விட்டால் புரதத்துக்கு என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு, தானியத்தையும் பருப்பையும் இந்த விகிதத்தில் ஒரே வேளையில் சேருங்கள் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார். புத்தகம் இலட்சக்கணக்கில் விற்றது. பத்து வருடம் கழித்து, 1981 பதிப்பில், அந்த இடத்தில் தான் பிழைவிட்டதாக அவரே எழுதினார். புரதம் சுலபமாகக் கிடைக்காது என்ற பயத்தைப் போக்க வந்த தானே இன்னொரு பயத்தை உண்டாக்கிவிட்டதாக அவருக்குப் பட்டது. ஒருநாள் முழுக்கப் பலதும் சாப்பிட்டால் போதும், உடம்பு தன் கையிருப்பை வைத்துச் சமாளிக்கும் என்பதை 1994 இல் யங், பெலற் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விரிவாக எழுதிவைத்தார்கள். தன் பிழையை அச்சில் ஒத்துக்கொண்ட லப்பே மீது எங்களுக்கு மரியாதை கூடியது. அவர் திருத்திய வரி மட்டும் ஜிம்முகளுக்கு வந்துசேரவில்லை.

இலங்கைக்கு இந்தக் கதை ஜிம் வழியாக வரவில்லை, கிளினிக் வழியாக வந்தது. 1960களின் கடைசியில் ஐக்கிய நாடுகள் சபை "புரத நெருக்கடி" என்று எச்சரித்தது. 1974 இல் மக்லாரன் என்ற மருத்துவர் "லான்செற்" சஞ்சிகையில் இதைப் "பெரும் புரதத் தோல்வி" என்று தாக்கினார். பிள்ளைகளுக்குக் குறைவது பெரும்பாலும் வயிறு நிறைய உணவு, தனியே புரதம் இல்லை என்பது அவர் கட்சி. அந்தச் சண்டைக் காலத்தில்தான் இங்கே திரிபோஷா வந்தது. சோளம், சோயா, பால்மா, விற்றமின்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் இலவசம். இலினோய்ஸ் பல்கலைக்கழகத்தின் சோயா நிகழ்ச்சித்திட்டம் இங்கு கைகொடுத்தது. ரோஸ் தன் மாணவர்களை அளந்த அதே பல்கலைக்கழகம்! பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் சோயா உணவுக்கென்று ஆராய்ச்சி நிலையமும் எழுந்தது.

திரிபோஷாப் பக்கற்றை இப்ப திருப்பிப் பாருங்கோ. எலியை மெலிய வைத்த சோளத்துக்கு லைசின் குறைவு, அதைச் சோயா நிரப்புகிறது. சோயாவுக்குக் குறைந்த மெத்தியோனினைச் சோளமும் பாலும் நிரப்புகின்றன. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு அம்மாமார் பிடித்த உருண்டைக்குள் 1914 ஆம் ஆண்டின் ஆய்வுகூடம் இருந்தது. எங்களில் பலர் வளர்ந்தது அந்த உருண்டையில்தான். ஆனால் கிளினிக்கில் வரிசையில் நின்று மருத்துவமாதுவிடம் வாங்கின சாமான் என்றபடியால், வளர்ந்த பிறகு அதைச் சொல்ல ஒரு கூச்சம். சோயா மீட்டுக்கும் அதே கதிதான். மீனும் இறைச்சியும் வாங்க ஏலாத நாளில் வைக்கிற கறி என்று பெயர் எடுத்துவிட்டது. "ரெண்டாந்தரம்" என்ற சொல்லில் எலியின் பங்கு பாதி என்றால், மீதிப் பாதி இந்தக் கூச்சம் என்றுதான் எங்களுக்குப் படுகிறது. 2022 இல் சோளத் தட்டுப்பாட்டால் திரிபோஷா உற்பத்தி தடைப்பட்டபோது அதைத் தேடி அலைந்த தாய்மாரிடம் தரத்தைப் பற்றிப் பேசியிருக்க முடியுமா?

"ஆம்பிளையளுக்குச் சரியில்லை" என்பதற்கும் பதில் இருக்கு. சோயாவிலுள்ள ஐசோஃபிளேவோன்களின் அமைப்பு ஈஸ்திரோஜனை ஒத்தது, அதனால் வந்த பயம். ஆண்களை வைத்துச் செய்த ஆய்வுகளை 2010 இலும் 2021 இலும் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். டெஸ்டொஸ்டெரோன் குறையவில்லை.

தசைக்கென்றே கலவையைச் சோதித்த ஆய்வுகளும் வந்துவிட்டன. 2013 இல் டெக்சாசில் சோயா, வே, பாலின் கேசீன் மூன்றையும் கலந்து இளம் ஆட்களுக்குப் பயிற்சிக்குப் பிறகு கொடுத்தார்கள். தசை கட்டும் வேகம் தனி வேக்குச் சமமாக எழுந்து, கொஞ்சம் கூட நேரம் நின்றது. காசு கொடுத்தது சோயாப் புரதம் விற்கும் கொம்பனி, அதையும் சேர்த்தே வாசிக்கவேண்டும். அதே குழு பிறகு 12 கிழமை பயிற்சியோடு பார்த்தபோது, கலவைக்கும் தனி வேக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2021 இல் பிரேசிலில் தாவர உணவுக்காரர் 19 பேருக்குச் சோயாவும், எல்லாம் சாப்பிடுகிற 19 பேருக்கு வேயும் கொடுத்து, இரு பக்கமும் உடல்நிறையின் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் வரச்செய்தார்கள். 12 கிழமையில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளர்ந்தது. அந்த 1.6 என்ற எண்ணும் 49 ஆய்வுகளைச் சேர்த்து 2018 இல் வந்தது. அதற்கு மேலே கூட்டினால் பெரிதாகப் பலன் தெரியவில்லை.

60 கிலோ ஆளுக்கு அது 96 கிராம். நாங்கள் ஒரு ஞாயிறு கடதாசியில் எழுதிப் பார்த்தோம். காலையில் பாண் 12, பருப்புக் கறி 14. மத்தியானம் சோறு 10, அரைப் பக்கற் சோயா மீட் 20 (பக்கற்றுக்குப் பக்கற் மாறும், லேபிளைப் பாருங்கோ), முட்டை இரண்டு 12. பின்னேரம் அவித்த கடலை 10. இரவு புட்டு 12, நெத்தலிக் கருவாட்டுப் பொரியல் 10. கூட்டினால் 100. டின்னுக்குக் காசு சேர்த்த நாலு பேரில் ஒருவன் மட்டும் இன்னும் நம்பவில்லை. இரண்டு தரம் திரும்பக் கூட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப அந்தக் கறியை ஏனடா ஒதுக்கி வச்சனாங்கள்" என்று கேட்டான்.