ஏடு காத்தலும் படியெடுத்தலும்

பெரியவாச்சான் பிள்ளை நாலாயிரத்துக்கும் வ்யாக்யானம் அருளிச்செய்தவர். ஆயினும் பெரியாழ்வார் திருமொழிக்கு அவர் அருளிய உரையில் பெரும்பகுதி செல்லரித்துப் போயிற்று. மணவாள மாமுனிகள் (1370–1443) எஞ்சியதற்கு வேறுரை வரையாமல், இழந்த பகுதிக்கு மாத்திரம் வ்யாக்யானம் அருளினார். அக்குறையை நிறைக்க ஒரு மாமுனிகள் வாய்த்தது நம் பாக்யம். ஏடு காத்தவர்களின் ஸாமர்த்தியமன்று.

ஈட்டின் வரலாறும் இதனையே உணர்த்தும். நம்பிள்ளை காலக்ஷேபத்தில் அருளியவற்றை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தினார். அந்த ஸ்ரீகோசம் ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் சேர்ந்து, அவர் குமாரர் பத்மநாபப் பெருமாள், நாலூர் பிள்ளை, நாலூராச்சான் பிள்ளை என்று ஓராண் வழியாய் வந்து, திருவாய்மொழிப் பிள்ளை வாயிலாக மாமுனிகளை அடைந்தது. இடையில் ஒரு கண்ணி அற்றிருந்தால் முப்பத்தாறாயிரப்படி இன்று பெயரளவிலேயே நின்றிருக்கும். மாமுனிகள் ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் திருமுன்பே அதனை ஓராண்டு காலக்ஷேபம் ஸாதித்தபின் அது பலருடைய சொத்தாயிற்று.

மின்னேட்டைச் செல் அரிக்காது என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். ஆனால் 1990-களில் தமிழ் எழுத்துருக்கள் பல, தத்தமக்கென்று வெவ்வேறு குறியீட்டு முறைகளைக் கொண்டிருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அந்நூல் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். அடியேன் இல்லத்தில் அக்காலத்தே குறுந்தகட்டில் பதித்த ரஹஸ்ய க்ரந்தம் ஒன்று இன்று ஓரெழுத்தும் வாசிக்க இயலாதபடி இருக்கிறது. அதற்கு மூலமான பழைய அச்சுப் புத்தகமோ தெளிவாக இருக்கிறது. மாறாக, 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார், முதலில் திஸ்கி முறையில் வெளியிட்ட நூல்களை யூனிகோடுக்கும் மாற்றினார்கள். ஆகவே அவை இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. மணிப்ரவாளத்துக்கு வேண்டிய க்ரந்த லிபியும் 2014-இல் யூனிகோடில் இடம்பெற்றுவிட்டது.

ஆகவே மின்னேட்டுக்கும் பழைய விதியே விதி. ஓலை பழுதாகுமுன் புதிய ஓலையில் படியெடுத்தார்கள் பூர்வர்கள். நாமும் பழைய குறியீட்டில் உள்ளவற்றை யூனிகோடுக்கு மாற்றி, ஸ்ரீகோசத்தோடு ஒப்புநோக்கி, பாடபேதங்களைக் குறித்து வைக்கவேண்டும். சுவடியின் நிழற்படமும் உடன் இருக்கவேண்டும். எழுத்துப் பிழைக்கு அதுவே ஸாக்ஷி. ப்ரதிகள் ஓரில்லத்தில் அடங்காமல் பல ஊர்களில் இருக்கவேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றைத் திறந்து பார்ப்பதும் கைங்கர்யமே.

பூட்டி வைத்த ஏடு காக்கப்பட்ட ஏடு அன்று. வாசிப்பாரும் படியெடுப்பாரும் உள்ளவரையே அது வாழும்.